சுவருக்கு அந்தப் பக்கத்துத் தேனீக்கள்

தேன்காரிக்குத் தங்கையைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஓடுகிறவள் அவள்தான். தங்கை நன்றாக இருப்பதைத்தான் அவளால் பார்க்க முடிவதில்லை.

இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே ஒரே செங்கல் சுவர். தங்கைக்குத் தேனீ வந்ததே அக்காவின் பெட்டியிலிருந்துதான். ஒருமுறை கூட்டம் பெருத்துப்போய், பழைய ராணியோடு பாதித் தேனீக்கள் பிரிந்து பறந்து, சுவர் தாண்டி எலுமிச்சை மரத்தில் கொத்தாகத் தொங்கின. தங்கை ஒரு மரப்பெட்டியைக் கீழே வைத்துக் கிளையை உலுக்கினாள். அவ்வளவுதான். அக்கா பயிற்சிக்கு அலைந்து, முகம் வீங்கக் கொட்டு வாங்கிக் கற்ற தொழில் அவளுக்கு ஒரு உலுக்கலில் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்க்கும் முடி, தங்கைக்குச் சும்மாவே இடுப்பைத் தொடும்.

பிறகு உண்ணி வந்தது. கடுகளவுச் சிவந்த பூச்சி. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். அடைக்குள் வளரும் குஞ்சையும் விடாது. அக்கா கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பருவம் தவறாமல் பெட்டிக்குப் பெட்டி மருந்துப் பட்டை வைத்தாள். தங்கை ஒன்றுமே செய்யவில்லை.

"மருந்து நான் தர்றேன்டி, வைக்கவாவது செய்" என்றாள் அக்கா, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து.

"எனக்கு ஏதுக்கா நேரம்? பொழைக்கிறது பொழைக்கட்டும்."

தங்கையின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. அக்கா வாய்நிறைய "அடப்பாவமே" என்றாள், மனசுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. மிஞ்சிய இரண்டும் பெருகின, பிரிந்தன, காலிப் பெட்டிகளை நிரப்பின. சில வருஷங்களில் தங்கையின் தோட்டம் இரைந்தது. அதே சமயம் அக்காவின் மருந்து வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. இறக்கை சுருங்கிய குஞ்சுகள் பெட்டி வாசலில் ஊர்ந்து ஊர்ந்து செத்தன. நல்ல கூட்டமென்று ஒன்றே ஒன்று தங்கியது.

"பேசாம உன் தங்கச்சிகிட்ட ஒரு ராணியைக் கேளேன்" என்றார் கணவர்.

"அதுக்கு நான் இந்தத் தொழிலையே விட்டுடுவேன்."

தங்கை ஏதோ புது மருந்தை ஒளித்து வைத்துக்கொண்டு வேஷம் போடுகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் தங்கை கடைக்குக் கிளம்பியதும் பின்வாசல் வழியே நுழைந்து, தேனீக்களை அடக்கப் புகைகூடப் போடாமல் ஒரு பெட்டியைத் திறந்தாள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. அடித்தட்டில் செத்த உண்ணிகள் கிடந்தன; கால் ஒடிந்தவை, முதுகு நசுங்கியவை. அடையின் மேல் ஒரு தேனீ இன்னொன்றின் முதுகில் ஏறி எதையோ கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அதை வாய்பிளந்து பார்த்தபோதுதான் கண்ணிமையில் கொட்டு விழுந்தது.

திரும்பி வந்த தங்கை வீங்கிய கண்ணைப் பார்த்தாள். "பெட்டியைத் திறந்தியாக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே புகை போட்டுக் காட்டியிருப்பேனே" என்றவள் ஐஸ் எடுத்து வந்து ஒற்றினாள். கோபித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

பெட்டிகளைப் பார்க்க வந்த தேனீப் பண்ணைப் பெண் அதிகாரியிடம் அக்கா பொருமித் தீர்த்தாள்.

"உங்க தங்கச்சி ஒண்ணும் பண்ணலைங்க" என்றார் அவர். "உண்ணியைக் கடிக்கிற குணம் சில கூட்டத்துக்குப் பிறவியிலேயே கொஞ்சம் உண்டு. அங்க அது இல்லாததெல்லாம் செத்துப்போச்சு. இருந்தது மிஞ்சிச்சு, இப்ப இருக்கிறதெல்லாம் அதோட வம்சம். நீங்க மருந்து வச்சு எல்லாத்தையும் காப்பாத்துனீங்க, அதனால கடிக்கத் தெரியாததும் சேர்ந்தே பெருகிடுச்சு. உண்ணியிலயும் அதே கதைதான். மருந்துக்குச் சாகாத ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும், இப்ப உங்க பெட்டியில இருக்கிறது அதோட பிள்ளைங்க."

"அப்போ அவ சோம்பேறித்தனத்துக்குப் பரிசு, நான் பாடுபட்டதுக்குத் தண்டனையா?"

"தேனீக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாதுங்க" என்று அந்த அம்மா சிரித்தார். தேன்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஞ்சிய ஒரே கூட்டத்தின் ராணிக்கு வயதாகிவிட்டதால், தேனீக்கள் தாங்களே புதிய ராணியை வளர்த்தன. அது ஒரு வெயில் நாளில் வெளியே பறந்துபோய், இணைசேர்ந்து திரும்பியது. அக்கா மகிழ்ந்தாள். யாரிடமும் கையேந்தவில்லை, என் பெட்டி, என் ராணி. கொஞ்ச காலத்தில் புதுத் தேனீக்கள் பெட்டியை நிறைத்தன; இறக்கை சுருங்கிய குஞ்சு ஒன்றுகூட இல்லை. அடித்தட்டை இழுத்துப் பார்த்தாள். கால் ஒடிந்த உண்ணிகள்.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. ராணி வானத்தில்தான் இணைசேரும். சுற்றுவட்டாரத்து ஆண் தேனீக்களில் பெரும்பாலானவை இப்போது தங்கை வீட்டுப் பிள்ளைகள். கேட்கமாட்டேன் என்று வீம்பு பிடித்தது சுவரேறிக் குதித்து வந்துவிட்டது.

ராணியைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது நெளிந்தது. நசுக்கிவிட்டு வெளியூரிலிருந்து வேறொன்றை வாங்கலாம். நசுக்க விரல் வரவில்லை. அடையில் விட்டுவிட்டு மூடியைப் படாரென்று சாத்தினாள்.

அடுத்த பருவத்தில் அவள் பெட்டிகளும் நிறைந்தன. எதிர்த்தெருத் தச்சர் தானும் தேனீ வளர்க்கப்போவதாக வந்து நின்றார்.

"உண்ணிக்குச் சாகாத சாதியாமே, ஊரே பேசுது. எங்கேம்மா பிடிச்சீங்க?"

"என் பெட்டிதான்" என்று சொல்ல வாயெடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை துணி உலர்த்திக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடினாள்.

"அவளைக் கேளுங்க. மூலம் அங்கதான் இருக்கு" என்றாள் தேன்காரி, கசப்பு மாத்திரையைத் துப்புவதுபோல்.

தச்சர் சுவரோரம் போனார். அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது: "என்கிட்ட எதுக்கு? எல்லாம் எங்க அக்கா பெட்டியிலேருந்து வந்ததுதானே!"

நல்ல பெயரைக்கூட இப்படித் தூக்கிக் கொடுக்க இவளால்தான் முடியும் என்று அன்று பொழுது சாயும்வரை அக்காவுக்கு வயிறு எரிந்தது.