பதினோரு ‘ஆகட்டுங்க’

அந்த வாரம் நடந்தவை:

1. திங்கள். நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் மிஷன் அலுவலகத்துக்கு வாராந்தர அறிக்கை அனுப்பினேன். ‘ஜெபக்கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டவர்கள்’ என்ற கட்டத்தில் 11 என்று நிரப்பினேன்.

2. செவ்வாய். எங்கள் பணித்தளங்களைக் கவனிக்கும் ஐயா போனில் பேசினார். முதல் கூட்டத்தை நடத்த ஞாயிறன்று தானே வருவதாகச் சொன்னார். நடுவில் மூன்று முறை ‘ஸ்தோத்திரம்’ சொன்னார்.

3. புதன். இரண்டு மிக்சி, ஒரு அயர்ன் பாக்ஸ் சரிசெய்து கொடுத்தேன். அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.

4. வியாழன். இரவு பதினோரு வீட்டுக்கும் மறுபடி போய், ஞாயிறு மாலை நான்கு மணி என்று நினைவுபடுத்தினேன். பதினோரு வீட்டிலும் “ஆகட்டுங்க” என்றார்கள். இரண்டு வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

5. வெள்ளி. இருபது பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சொல்லிவைத்தேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவந்தால் இருபது பற்றாதே என்று ஒரு கவலை இருந்தது.

6. சனி. அம்மா போன் செய்தாள். “மக்ளே, ஊர்ல உள்ளவளுக்கு மிக்சி சரியாக்கவா உன்ன படிக்க வச்சோம்? வந்துரு” என்றாள். வரவில்லை என்றேன்.

7. ஞாயிறு. ஒருவரும் வரவில்லை.

ஏழாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என்னைப் பற்றி.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே வரி: அழைப்பு என்று நம்பினேன், இன்னும் நம்புகிறேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. காதல் தோல்வி இல்லை. வேறு வேலை கிடைக்காமலும் இல்லை. இந்த மூன்றையும் நானே வரிசையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அடுத்த கேள்வி வருவதில்லை.

திருப்பூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. எதிரும் புதிருமாகப் பதினாறு வீடுகள், நடுவில் ஒரு குழாய், அடுத்த காம்பவுண்டில் பாத்திரப் பட்டறை. லைனில் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வருவார்கள். ஞாயிறு மட்டும் மனிதர்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

என்னோடு அனுப்பப்பட்டவளுக்கு ஆறாம் மாதம் கல்யாணம் நிச்சயமாகி, ஊருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து நான் தனி. ஒற்றைப் பெண்ணை இவ்வளவு தூரத்தில் விட்டுவைக்க அலுவலகத்துக்கு மனதில்லை. மாதக் கடைசியில் கமிட்டி கூடும், கூட்டம் தொடங்கும் அறிகுறி இருந்தால் நான் இருக்கலாம், இல்லாவிட்டால் இந்த இடத்தை மூடிவிட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. பயந்து திரும்பினாள் என்று பேசுவார்கள் என்பதற்காக இல்லை. இந்த லைனில் யார் கதவை எந்த நேரத்தில் தட்டலாம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்தப் பதினொன்றை நான் கூட்டி எழுதவில்லை. தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் சபைகளுக்குப் போகிறார்கள். நான் கேட்டது தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து வந்தவர்களை. பதினோரு பேரிடம் கேட்டேன், பதினோரு பேரும் ஆகட்டுங்க என்றார்கள். எங்கள் ஊரில் வர மனதில்லை என்றால் ‘அதெல்லாம் முடியாது, போ’ என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். வாயால் ஆகட்டும் என்று சொன்ன பிறகு வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் சண்டைக்குச் சமம்.

ஞாயிறு மூன்றரைக்கே ஐயா குளித்து, வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசலில் நாற்காலிகளை நான்கு நான்காக ஐந்து வரிசை போட்டிருந்தேன். நான்கு மணிக்கு லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. நான் வரவேற்க எழுந்தேன். எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். பதினொன்றில் ஒருவரான, பனியனுக்கு ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் இடுப்பில் குடத்தோடு எங்களைக் கடந்தபோது நின்று, முகம் மலரச் சிரித்து, “கூட்டமுங்களா? நடக்கட்டுங்க, நடக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலே முக்கால் வரை காத்திருந்தோம். பிறகு ஐயா எழுந்து பாட ஆரம்பித்தார். ஒரு சரணத்தைக்கூட விடவில்லை. பதினெட்டு காலி நாற்காலிக்கு முன்னால் அறுபது வயது மனிதர் முழுப் பாட்டையும் பாடியதை நான் மதிக்கிறேன். பின்னால் அவரோடு எனக்கு வந்த தகராறில் இதை மறக்காமல் இருக்க முயன்றேன்.

பாட்டு முடிந்து ஐயா முகம் கழுவப் போனபோது என் எதிர்வீட்டுக்காரி வந்தாள். தாராபுரத்துக்காரி, என் வயதுதான், ஒரு கம்பெனியில் செக்கிங். துணியில் ஓட்டை, கறை, தையல் கோணல் இருந்தால் பிடித்துத் தள்ளிவைப்பது அவள் வேலை. பதினொன்றில் முதல் ஆகட்டுங்க அவளுடையது. தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ் இறங்கியிருந்தாள்.

“ஏனுங்க சிஸ்டர், கல்யாண ஊடு மாதிரி சேரு போட்டிருக்கறீங்க. பொண்ணு ஆருங்க, நீங்களா?”

“கூட்டம்னு சொன்னேன்ல. நீங்களும் ஆகட்டுங்கன்னு சொன்னீங்க.”

“சொன்னனுங்க.”

“அப்ப ஏன் வரல?”

அவள் பையைக் கீழே வைத்தாள். “ஆகட்டுங்கன்னா ஆகட்டும்னுதானுங்க அர்த்தம். வர்றேன்னு எங்கீங்க சொன்னேன்?”

“வரலைன்னு சொல்லியிருக்கலாமே.”

“அதெப்படிங்க மூஞ்சிக்கு நேரா? நீங்க எம்பட மிக்சியப் பிரிச்சு கையில வெச்சிட்டிருந்தீங்க. அப்பப் போயி வரலைன்னு சொன்னா உங்களுக்குச் சங்கட்டமா இருக்காதுங்களா?”

“கம்பெனில நாள் முழுக்க ரிஜெக்ட் ரிஜெக்ட்னுதானே சொல்றீங்க?”

“அது பீஸுங்க. ஆளப் பாத்து எப்படிங்க சொல்றது?” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஐயாவை ரயிலேற்றப் போனேன். பிளாட்பாரத்தில் காதர்பேட்டையிலிருந்து பனியன் மூட்டைகளோடு வந்த வடநாட்டு வியாபாரிகள் நின்றிருந்தார்கள். ஐயா அவர்களை விட்டுத் தள்ளி என்னை நிறுத்திக்கொண்டார்.

“மக்ளே, அந்தப் பதினொண்ண மாத்தாத. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.”

“ஒருத்தரும் வரலியே ஐயா.”

“இன்னைக்கு வரல. அடுத்த மாசம் வருவாவ. விசுவாசத்துல எழுதினதுன்னு வச்சுக்கோ. நம்ம மாதப் பத்திரிகைல வேற போட்டாச்சு. கமிட்டில பதினொண்ணுன்னு இருந்தாத்தான் உனக்காக நான் பேச முடியும். சைபர்னு இருந்தா நான் என்னத்தப் பேச?”

அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். ரயில் வந்துவிட்டது. ஊரிலிருந்து பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவர், யாருமில்லாத கூட்டத்துக்குப் பாடியவர், அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஆகட்டுங்கய்யா” என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே ஏறினார்.

ரயில் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. அதைச் சொல்லும்போது, எண்ணை மாற்றாமல் விடுவேன் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. அவரை ஏமாற்றும் எண்ணமும் இல்லை. அவர் வருத்தப்படாமல் ரயிலேற வேண்டும், அவ்வளவுதான். பதினோரு பேரும் என்னிடம் சொன்னது இதைத்தான்.

டெஸ்டிங்கில் முதல் வாரமே சொல்லித்தருவது ஒன்று உண்டு. மீட்டரை எதிலும் இணைக்காமல் வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இரண்டில் நின்றால், அது காட்டும் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு பொய். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இதற்குச் சுழிப்பிழை என்று பெயர். என் மீட்டர் தெற்கில் செட் செய்யப்பட்டது. அதைக் கொண்டுவந்து இந்த ஊரை ஒரு வருடம் அளந்திருக்கிறேன். ஊர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிழை எவ்வளவு என்று தெரிந்த பிறகும் பழைய எண்ணை விட்டுவைத்தால், அந்தப் பொய் என்னுடையது.

திங்கட்கிழமை அறிக்கையில் 0 என்று நிரப்பினேன். குறிப்புப் பகுதியில், ‘சென்ற வாரம் 11 என்று தவறாக எழுதிவிட்டேன். ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. மரியாதையாகப் பதில் சொன்னார்கள்’ என்று எழுதினேன்.

செவ்வாய் காலை ஐயா கூப்பிட்டார்.

“ஆகட்டும்னு சொன்னியே மக்ளே.”

“சொன்னேன் ஐயா. அப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கணும், அது என் தப்பு. இப்ப சொல்லுதேன். அந்தச் சைபர மாத்த மாட்டேன்.”

“உன்னக் கூப்பிட்டுருவாங்க, தெரியுமா?”

“கூப்பிடட்டும். சைபர்ங்கதுக்காகக் கூப்பிட்டா வாரேன். பதினொண்ணுன்னு சொல்லி இங்க இருக்க மாட்டேன்.”

“வரவர ரொம்பப் பேசுத” என்றார். வைத்துவிட்டார்.

உட்கார்ந்து ஒரு மிக்சியின் கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன்.

அன்று இரவு எதிர்வீட்டுக்காரி வேலை முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து தன் தலைமுடியிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய்க் கேட்டேன்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆகட்டுங்கன்னு சொல்லக் கூடாது.”

“கேளுங்க.”

“கூட்டத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது. சங்கடமாகத்தான் இருந்தது, அவள் சொன்னது சரி. ஆனால் நான் அங்கிருந்து நகரவில்லை.

“வரமாட்டனுங்க” என்றாள். “எங்க சாமி எனக்குப் போதுமுங்க.” பிறகு, “கோவமில்லீங்களே?”

“இல்ல.”

“நெசமாவா?”

“நெசமா.”

“அப்ப சாப்பிடறீங்களா? பருப்புக் கொழம்பு இருக்குதுங்க.”

சாப்பிட்டேன். ஒரு வருடத்தில் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது. என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, மறுத்திருக்கிறாள். கதவைச் சாத்தாமல் மறுத்திருக்கிறாள். அவள் வருவதற்காக நான் ஜெபிப்பதை விடப்போவதில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். “அது உங்க இஷ்டமுங்க” என்றாள்.

அந்த வியாழக்கிழமை மற்றப் பத்து வீட்டுக்கும் போனேன். இந்த முறை, “வரலைன்னா வரலைன்னே சொல்லுங்க, நான் மிக்சி பாக்கறத நிறுத்த மாட்டேன்” என்று முதலிலேயே சொன்னேன். மூன்று பேர் ரொம்பச் சிரமப்பட்டு வரமாட்டோம் என்றார்கள். அதில் ஒருவர் எனக்காக வருத்தப்பட்டு காபி கலக்கச் சொன்னார். ஆறு பேர் ஆகட்டுங்க என்றார்கள். குடத்தோடு என்னைக் கடந்துபோன ஓவர்லாக் டெய்லர் மட்டும், “நாலு மணிக்குத் தண்ணி வருமுங்க சிஸ்டர். ஞாயித்துக்கெழமைக்கு அதுதான் ஒரே தடவ. அஞ்சரைக்கு வெச்சா ஒருக்கா வந்து பாக்கறனுங்க” என்றார். ஒரு வருடம் அதே குழாயில் குடம் பிடித்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த அறிக்கையில், அலுவலகம் அச்சடித்துத் தந்த படிவத்தில், பேனாவால் ஒரு கட்டம் வரைந்தேன். தலைப்பு: ‘மறுத்தவர்கள்’. அதில் 4 என்று எழுதினேன். படிவத்தில் இல்லாத கட்டங்களைச் சேர்க்க வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரமும் வரைந்தேன். ஸ்கேல் வைத்து, நேராக.

இன்றைய நிலவரம்: கமிட்டி கூடிவிட்டது, முடிவு எனக்கு இன்னும் வரவில்லை. கூட்டம் ஞாயிறு ஐந்தரைக்கு நடக்கிறது. ஓவர்லாக் டெய்லர் இரண்டு முறை வந்தார், ஒரு முறை வரவில்லை. வராத வாரம் வரமாட்டேன் என்று முன்பே சொன்னார். ஒப்புக்கொண்டவர் 1, மறுத்தவர் 4, ஆகட்டுங்க 6. நாற்காலி வாடகைக்கு எடுப்பதில்லை, என்னிடம் இருக்கும் இரண்டு போதும். நான் திருப்பூரில் இருக்கிறேன்.