லவுட்ஸ்பீக்கர் அத்தை

உலகத்தில் இதுவரை பிறந்த தளபதிகள் எல்லோரும் படையோடு திரண்டு வந்தாலும் எங்கள் தெருமுனை மருந்துக்கடை அத்தையிடம் பத்து நிமிஷம் தாங்க மாட்டார்கள். கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டே, "சார், மூலம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார். சார் எதிர்ப்பக்க நடைபாதையில் போய்க்கொண்டிருப்பார். தளபதிகளுக்கும் மூலம் இருக்கும் அல்லவா?

தெரு வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். மருந்தாளுநர் பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. இரண்டு காதிலும் பேனா செருகிக்கொண்டு, பேனா எங்கே என்று மேசையெல்லாம் துழாவுவார். காலையில் கடை திறந்ததும் வளையல், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எடை மெஷினில் ஏறுவார். முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கண்ணாடிதான் கழற்றியாயிற்றே! "நல்லாத்தான் இருக்கேன்" என்று இறங்கிவிடுவார்.

யாராவது, "வந்து... அந்த இடத்துல..." என்று இழுத்தால் விடமாட்டார். "எந்த இடம்? மூக்கா, முழங்காலா, பிறப்புறுப்பா? உடம்புல இருக்கற எல்லாத்துக்கும் பேர் இருக்கு. சொன்னாத்தானே மருந்து தர முடியும்?" எதையும் பேப்பரில் சுற்றித் தரமாட்டார். "திருடிக்கிட்டா போறீங்க?"

இப்பேர்ப்பட்டவருக்குக் குரலை மாற்றி போன் செய்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு நாள், "எங்க வீட்டு யானைக்கு ஜலதோஷம்" என்றேன். அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "எடை எவ்வளவு? தெரியாதா? அழைச்சிட்டு வாங்க, கடையில மெஷின் இருக்கு."

என் அக்கா அப்போது பஸ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தாண்டி எதையும் யாரும் ஓட்டியதில்லை. டெஸ்ட்டுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பல் ஈறு வீங்கி, அதற்கு மாத்திரை சாப்பிட்டாள். பல் சரியானது, அக்கா சரியாகவில்லை. உட்காருவாள், எழுவாள், பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவுவாள். கடைசியில், "டெஸ்ட்டுக்குப் போகலடி" என்றாள். "சீட்ல உக்காந்தா மிளகாய்ப்பொடி மேல உக்காந்த மாதிரி இருக்கு."

"லவுட்ஸ்பீக்கர்கிட்ட கேளேன்."

"கேட்டா எனக்கு மட்டுமா பதில் வரும்? தெருவுக்கே வரும்."

அதனால் ஊரின் மறுகோடிக்குப் போய் மருந்து வாங்கி வந்திருக்கிறாள். அந்தக் கடைக்காரர் இவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பேப்பரில் சுருட்டி நீட்டினாராம். இவளும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடி வந்து, எறும்பெழுத்தில் இருந்த விவரத்தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, தினமும் ஒரு மாத்திரை தண்ணீரோடு விழுங்கியிருக்கிறாள். பெட்டியில் கூடவே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. எதற்கென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான் அதில் ஊதா மை நிரப்பிச் சுவரில் பீச்சிப் பார்த்தேன். பாதி என் சட்டைக்கையில் வந்து விழுந்தது.

மாத்திரை தீர்ந்தது, அரிப்பு தீரவில்லை. யானைக்கு வைத்தியம் கேட்ட அதே போனை எடுத்தேன். இந்த முறை வயசான ஒரு பெரியம்மாவின் குரல். "எம் மகளுக்கும்மா... கீழ ஒரே அரிப்பு. வெள்ளையா, பால் திரிஞ்ச மாதிரி படுது. மாத்திரை முழுங்கியும் கேக்கல."

கத்தப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். சத்தமே வரவில்லை. அந்த ஸ்பீக்கருக்கு வால்யூம் குமிழ் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"கூட ஒரு குழாய் குடுத்தாங்களா?" என்றார் மெதுவாக.

"வீட்டுல சின்னது ஒண்ணு இருக்கு, அது ஊதா மை ஊத்தி விளையாடிருச்சு."

"சரி. அது விழுங்கற மாத்திரை இல்லம்மா. படுக்கப் போறப்ப அந்தக் குழாயால பிறப்புறுப்புக்குள்ள வைக்கறது. முழுங்கினதால பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வேலை செய்யாது. கெட்ட வாடை, காய்ச்சல், அடிவயித்து வலி எதுவும் இருக்கா? மாசமா இருக்காளா?"

இல்லை, இல்லை, இல்லை.

"கேக்கறதுக்கு ஈஸ்ட் தொற்று மாதிரிதான் இருக்கு. பல்லுக்கோ தொண்டைக்கோ மாத்திரை சாப்பிட்டாளா? அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடும், உடனே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அழுக்குமில்ல, அசிங்கமுமில்ல, நடத்தையைப் பத்தின சேதியுமில்ல. ஆனா முதல் தடவைன்னா ஒரு டாக்டரம்மா பாத்து உறுதி பண்ணணும். உள்ள சோப்பு போடவே கூடாது. பருத்தி உள்ளாடை, கொஞ்சம் தளர்வா. அரிப்பு நின்னுடுச்சுன்னு மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாது. மகள்கிட்ட சொல்லுங்க, பொம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வர்றதுதான்."

நான் போனை வைத்தபோது அக்கா கதவோரம் நின்று நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை சொன்னதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனாள். ஈஸ்ட்தான். அதே மாத்திரை, இந்த முறை போக வேண்டிய வழியில் போனது.

டெஸ்ட்டில் அக்கா அந்த நீளமான பஸ்ஸை இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல, பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தினாள். இப்போது எங்கள் தெருமுனை வழியாகப் போகும் பஸ் அவளுடையது.

முதல் நாள் நான் மருந்துக்கடையில் நின்று இருமல் மிட்டாயைத் திருடித் தின்றுகொண்டிருந்தேன். பஸ் திருப்பத்தில் வந்தது. அக்கா கடையைப் பார்த்து, கண்ணாடி அலமாரிகள் அதிர, ஹாரனை அழுத்தினாள். அன்று தெருவில் லவுட்ஸ்பீக்கரைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது.

அத்தை பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்தப் போனில் கேட்ட அதே மெதுவான குரலில் சொன்னார்: "உங்க மகள் ஜோரா ஓட்டறா, பெரியம்மா."

யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, சட்டைக்கையில் துவைத்தும் போகாமல் இருந்த ஊதாக் கறையை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.