தடையம்மா வாய் திறக்காத காலை

விளையாட்டுத் துறையில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. எல்லாருக்கும் அவர் தடையம்மா. வெளிநாட்டுப் போட்டிக்கு எந்த அணி போனாலும் அரசின் தடையில்லாச் சான்று வேண்டும். அது அவர் மேசையிலிருந்துதான் புறப்பட வேண்டும். ஒருமுறை நீச்சல் சங்கத்தார், நீந்துவதற்கு மூன்று பிள்ளைகளையும் கூடப் போவதற்கு ஒரு பஸ் நிறையப் பெரியவர்களையும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

“இவங்கள்ல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?” என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு மட்டும் சான்று போனது. பெரியவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் பந்து தன் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டவர் அவர். கால்வாய்ப் பராமரிப்புப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தபோது, இரண்டு வருடம் தள்ளினால் போதும் என்றுதான் வந்தார். பிறகு வேலை பிடித்துப்போய்விட்டது. கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பவர். “நான் ஊர் வாய்க்குள்ளே கையை விட்டுப் பொழைக்கிறேன். இவ ஊர் வாயிலே விழுந்து பொழைக்கிறா” என்று விருந்தாளிகளிடம் சொல்வார். அதுவும் உண்மைதான்.

பளுதூக்கும் விவகாரம் ஒரு மழைக்காலக் காலையில் வந்தது. காக்கிச் சட்டையும் தோளில் தொங்கும் பையுமாக ஒரு பெண் நேராக அறைக்குள் நுழைந்தாள். பஸ் கண்டக்டர். பளுதூக்குவதில் நாட்டில் முதல் இரண்டு பேரில் ஒருத்தி. உலகப் போட்டியில் பெண்களுக்கு இந்த முறை ஒரே இடம். அந்த இடத்துக்குச் சங்கத் தலைவர் தம்முடைய தம்பி மகளின் பெயரை எழுதிவிட்டார்.

“மேடம், தேர்வு வச்சு நான் தோத்திருந்தா வாயை மூடிட்டு டிக்கெட் கிழிச்சிட்டு இருப்பேன். தேர்வே வைக்காம தோத்துட்டேனாம். இது எந்த ஊர் நியாயம்?”

தடையம்மா அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்திருப்பவள் போலக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேர்வு எப்படி நடந்தது என்று சங்கத்தைக் கேட்டதற்கு மறுநாளே தலைவர் தொலைபேசியில் வந்தார். முன்னாள் வீரர், சொந்தப் பணத்தைப் போட்டுச் சங்கத்தை வளர்த்தவர், கோபம் மூக்குக்கு மேல் வரும்.

“அம்மா, யாரை அனுப்பறதுன்னு சங்கம் முடிவு பண்ணும். அரசாங்கம் கையை வச்சா நான் சர்வதேசச் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுவேன். அப்புறம் நாடே வெளியே நிக்கும். யோசிச்சுக்கோங்க.”

வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. அரசு கண்காணிக்கலாம், ஆனால் சங்கத்தின் குடுமியைப் பிடிக்கக் கூடாது என்பது உலக விதி. சில வருடங்களுக்கு முன் ஓர் அமைச்சர் குத்துச்சண்டைச் சங்கத்தைக் கலைக்கப் போய், சர்வதேசச் சங்கம் தடை போட்டுவிட்டது. பிள்ளைகள் கொடி இல்லாமல், நாட்டின் பெயர் இல்லாமல் மைதானத்தில் நடந்தார்கள். திரும்பி வந்த ஒரு குத்துச்சண்டைக்காரன் இதே அலுவலக வரவேற்பறையில், மார்பில் ஒன்றும் எழுதாத வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தடையம்மா பார்த்திருக்கிறார். அவனுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

துறைச் செயலாளர் அவரைக் கூப்பிட்டார்.

“சான்றைக் கொடுத்துடுங்களேன். ஒரு கண்டக்டருக்காக நாட்டைப் பணயம் வைக்க முடியுமா?”

“கொடுத்துட்டா நாம எதுக்கு சார் இருக்கோம்?”

“கொடுக்கலைன்னா நாம இருக்க மாட்டோம்.”

கொடுத்தால் பாவம், கொடுக்காவிட்டால் ஆபத்து. தடையம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “மென்னு முழுங்க முடியாதவங்களுக்குத்தான் நான் பல்லு செய்யறேன், உனக்கு எதைச் செய்ய?” என்றார் கணவர். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு பெண் வந்தாள். அகன்ற தோள், சின்னக் குரல். கதவருகே தயங்கி நின்று, தலைவரின் தம்பி மகள் என்று சொல்லிக்கொண்டாள். சிபாரிசுக்கு வந்திருக்கிறாள் என்று தடையம்மா முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“மேடம், தேர்வு வைக்கச் சொல்லுங்க.”

தடையம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நீயா சொல்றே? உன் பேர்தானம்மா போயிருக்கு.”

“அதான் மேடம் பிரச்சினையே. பயிற்சிக் கூடத்துல நான் கம்பியில கை வச்சாலே யாராவது ‘பெரியப்பா, ஒரு கை பிடிங்க’ன்னு கத்துறாங்க. எட்டு வருஷமா நான்தான் தூக்கறேன். ஊரு என்னடான்னா பெரியப்பா என்னைத் தூக்கறார்னு சொல்லுது. இப்படிப் போய் நான் ஜெயிச்சாலும் அது என்னுது ஆகாது.”

“பெரியப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘வீடு தேடி வர்றதை எட்டி உதைக்காதே’ன்னார்.”

தடையம்மா நாற்காலியை இழுத்து அவளருகே போட்டுக்கொண்டார்.

“இதோ பாரும்மா, தேர்வு வைன்னு நான் உத்தரவு போட முடியாது. போட்டா உனக்கும் இல்லாம, அவளுக்கும் இல்லாம போயிடும். ஆனா போட்டியாளருங்க சேர்ந்து கேட்டா சங்கம் தேர்வு வச்சே ஆகணும்னு உங்க சங்க விதியே சொல்லுது. கேட்க வேண்டியது நீங்க ரெண்டு பேரும்.”

“அவ என்கூடப் பேசவே மாட்டாளே.”

“அது என் துறை இல்லை” என்றார் தடையம்மா. பல நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

அந்தப் பெண் மறுநாள் கண்டக்டரின் பஸ்ஸிலேயே ஏறினாள் என்று பிற்பாடு தெரிந்தது. “முதல்ல டிக்கெட் எடு, அப்புறம் பேசு” என்றாளாம் கண்டக்டர். அவள் கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்தாள். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருவரும் கையெழுத்துப் போட்ட மனு வந்ததும் தலைவர் வீட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார். ஆனால் கேட்டது அரசு இல்லை, சொந்த ரத்தம். தம்பி மகளைப் பற்றி எந்த நாட்டுக்குப் புகார் எழுதுவது? கடைசியில் இறங்கி வந்தார். நடுவர்கள் மூவரும் வெளிக் கல்லூரிகளிலிருந்து வரலாம் என்று ஒத்துக்கொண்டார். தடையம்மாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். “வரட்டும், பார்க்கட்டும். வாயைத் திறக்கக் கூடாது.”

தேர்வு நாள் காலையில் பயிற்சிக் கூடத்தில் வியர்வையும், பிடி வழுக்காமல் கையில் பூசும் சுண்ணாம்புத் தூளும் கலந்த வாடை. ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. தடையம்மா ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரோரம் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது முதல் பாதி. அதில் கண்டக்டர் இரண்டு கிலோ முந்தினாள். நின்றபடியே பிழைப்பு நடத்தும் கால்கள். வேர் விட்டது போல நின்றன. தோள்வரை ஏற்றி, மூச்சை இழுத்து, பிறகு மேலே தள்ளுவது இரண்டாம் பாதி. அதிலும் அவள் கடைசித் தூக்கு பிசகில்லாமல் முடிந்தது. தம்பி மகளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். தான் அதுவரை தூக்கியிராத எடையை அவள் கேட்டாள். தலைவர், “வேண்டாம்மா, குறைச்சுக்கோ” என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பி தோளுக்கு ஏறியது. அவள் முகம் செங்கல் நிறமானது. தள்ளினாள். முழங்கை நேராயிற்று, கால்கள் ஓர் அடி தடுமாறிச் சேர்ந்தன, நின்றாள். பிறகு தரை அதிர எடையைப் போட்டாள்.

இரண்டு வெள்ளை விளக்கு. ஒரு சிவப்பு.

விதிப்படி இரண்டு வெள்ளை போதும், தூக்கு செல்லும். ஆனாலும் கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. முழங்கை மடங்கியது, செல்லாது என்றார் ஒருவர். “தலைவர் வீட்டுப் பொண்ணாச்சே, மடங்கினாலும் நேர்தான்” என்றார் இன்னொருவர். தலைவர் வேட்டை நாய் போல அவர் பக்கம் திரும்பினார். எல்லாருடைய கண்ணும் மெல்லத் தடையம்மா மேல் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னாலும் இத்தனையும் பாழ். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

கண்டக்டர்தான் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பஸ்ஸில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

“யாருய்யா மடங்கிச்சுன்னு சொன்னது? நான் பக்கத்துலதானே இருந்தேன்? சுத்தமான தூக்கு. ரெண்டு பாதியும் கூட்டினா என்னைவிட ஒரு கிலோ கூட. முடிஞ்சுது.”

முணுமுணுப்பு அடங்கியது. தம்பி மகள் மேடையிலேயே உட்கார்ந்து, சுண்ணாம்பு படிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்டக்டர் போய் அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “எழுந்திருடி, தரை அழுக்கு” என்றாள்.

தலைவர் மெதுவாக நடந்து தடையம்மாவிடம் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் கலங்கிவிட்டது. “இந்தப் பொண்ணால இவ்வளவு முடியும்னு எனக்கே தெரியாம போச்சேம்மா” என்றார். வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியாமல் தடையம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் கண்டக்டர் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வருத்தமா இருக்காம்மா?” என்று கேட்டார் தடையம்மா.

“இருக்கு மேடம். இல்லாம இருக்குமா? ஆனா இது வேற வருத்தம். இதை வச்சுக்கிட்டுத் தூங்கலாம்.” கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். “ஒரு கிலோதானே. அடுத்த வருஷம் பார்க்கிறேன் அவளை.”

சான்று மறுநாள் காலையிலேயே கையெழுத்தாகிப் போனது. செயலாளர் நாற்காலியில் சாய்ந்து, இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது அடுத்த அறைக்கே கேட்டது.

உலகப் போட்டியில் அந்தப் பெண் ஏழாவதாக வந்தாள். தடையம்மாவும் கணவரும் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அவள் மார்பில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

“ஏழாவதுக்கா இவ்வளவு பாடு?” என்றார் கணவர்.

“ஆமா” என்றார் தடையம்மா. தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.