சந்தனம் வைத்த பிளொப்பி

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரேயொரு கணினி இருந்தது. சண்டிலிப்பாய் ஊர்க் கிணறுகளில் கடலுப்பு எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று அதில்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். ஒவ்வொரு முறையும் அதனோடு வந்த பிளொப்பி என்ற காந்தத் தட்டைச் செருகினால்தான் கண் திறக்கும். பிரதி எடுக்க விடாது. உள்ளே என்ன கணக்குச் செய்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகம், பேனை, தராசு எல்லாம் கும்பத்தடிக்குப் போயின. கணினியைத் தூக்க முடியாதென்று நான் அந்தப் பிளொப்பியை வைத்தேன். அதோடு நின்றேனா? பக்தி முற்றி, நடுவில், உள்தட்டு வெளியே தெரியும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூசை முடிந்து செருகியபோது கரகரவென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், பிளொப்பி செத்துவிட்டது.

"உதுக்குப் பொட்டு வைச்சது ஆர்?" என்றாள் என்னோடு வேலை செய்த தோழி.

"நான்தான்."

"நல்ல வேலை செய்தீர். இனிச் சரஸ்வதிதான் வந்து கணக்குப் பாக்கோணும்."

சிரித்தேன். புதிதொன்று கேட்டு எழுதினால் பதில் வர மாதங்களாகும். சோதனைக்குத் தண்ணீர் எடுக்க விட்ட தோட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு கிணறு. "தங்கச்சி, எந்தக் கிணத்தை நம்பி வெங்காயம் நடுறது? உப்பு ஏறினால் முழுக்க அழிஞ்சு போம்" என்று கேட்டிருந்தார். நடுகைக்கு முன் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

தோழி எங்கிருந்தோ ஒரு தாள்கட்டோடு வந்தாள். அதே கணக்குக்கான நிரல், முழுவதும் அச்சில். யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடு தானே வாயைத் திறந்து காட்டியது.

அவள் வாசிக்க நான் கணினியில் தட்டினேன். முதல் விடையில், கடலுக்குத் தூரத்தில் உள்ள கிணறு கடலைவிட உப்பாக இருந்தது. பழைய மென்பொருள் அப்படிச் சொல்லியிருந்தால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். இங்கே வரி வரியாகத் தேடினோம். நான் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தேன். அதைப் போட்டதும் விடை சரியாக வந்தது. மேசையில் தட்டிக் கூத்தாடினேன்.

மறுநாளே சைக்கிளில் தோட்டக்காரரிடம் போனேன். "அண்ணை, மேற்குக் கிணறு வேண்டாம். கிழக்குக் கிணத்திலை இறைச்சு நடுங்கோ." மாசியில் அவர் ஒரு பிடி வெங்காயத்தோடு ஆய்வுகூடத்துக்கே வந்தார்.

அடுத்த சரஸ்வதி பூசைக்கு அந்தத் தாள்கட்டைக் கும்பத்தடியில் வைத்தோம். தோழி சந்தனக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தாள்.

"பயப்பிடாமல் பூசும்," என்றேன். "இதின்ரை பிரதி இப்ப அஞ்சாறு பேரிட்டை இருக்கு."