திருச்செந்தூருக்குத் தோணி ஓட்டியவன்

பிள்ளைகளே, அடுப்படியில் நீங்கள் மிளகு இடிக்கிற சின்ன இரும்பு உரல் நம் வீட்டுச் சாமான் இல்லை. அது ஒரு பல் போன மனுசனின் வெற்றிலை உரல். அவரிடமிருந்து நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். ஏன் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால், கொடைக்கானல் உருளைக்கிழங்கு ஏற்றிய லாரியோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். முதலில் மூட்டை தூக்கினேன். பிறகு கொழும்புக்குப் போய்வரும் பாய்த்தோணி ஒன்றில் சேர்ந்தேன். தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் என்னைச் சுக்கான் பிடிக்கப் பழக்கினார். அது வரைக்கும் நல்லவர்தான்.

சுக்கானுக்கு முன்னால் காம்பஸ் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதன் அடியில் காந்த ஊசி. தோணி எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டு வடக்கைப் பார்த்தே நிற்கும். பெட்டியின் விளிம்பில், தோணியின் மூக்குக்கு நேராக ஒரு கறுப்புக் கோடு. போகிற திசை அந்தக் கோட்டுக்கு நேரே நிற்கும்படி சுக்கானைப் பிடிக்க வேண்டும். அலையில் தட்டு ஆடும். ஆட்டத்துக்கெல்லாம் சுக்கானைத் திருப்பினால் தோணி குடிகாரன் மாதிரிப் போகும். அது ஆடுகிற ஆட்டத்தின் நடுவைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எனக்கு அது சீக்கிரமே கை வந்தது. மலையில் பிறந்தவனுக்குக் கடலில் ஒரு வேலை அமைந்ததே என்று எனக்கு அத்தனை பெருமை.

ஒரு தடவை கொழும்பிலிருந்து திரும்பும்போது வானம் முழுக்க மூடாப்பு. சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பெட்டியை மட்டுமே நம்பி வடமேற்கே பிடித்து வந்தேன். மூடாப்பு விலகியபோது தூத்துக்குடிக் கலங்கரை விளக்கம் தெரிய வேண்டிய இடத்தில் திருச்செந்தூர்க் கோபுரம் நிற்கிறது! தெற்கே வெகுதூரம் விலகி வந்திருக்கிறோம்.

தோணியில் ஒரே சிரிப்பு. "பழனி மலைக்காரன்லா! முருகனத் தேடியே தோணிய வுட்டுட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு விலகவே இல்லை. அப்போது தண்டல் வெற்றிலை இடிக்க உரலைக் கையில் எடுத்தார். வழி நெடுக அதைப் பெட்டியின் முன்பக்கம் ஒட்டித்தான் வைத்திருந்தார். எடுத்ததும் தட்டு மெல்லத் திரும்பி வேறு இடத்தில் நின்றது. என் கண்ணால் பார்த்தேன்.

"தண்டலய்யா, உங்க உரல்தான் ஊசிய இழுத்திருக்கு."

ஓங்கி ஒரு அறை. "ஏலே, என் வெத்தல உரலு தோணிய இழுக்குதோ? சுக்கான் புடிக்கத் தெரியாத பயலுக்கு வாயப் பாரு!"

சரக்கு பிந்தியதற்கு முதலாளி கேட்டபோது என்னைக் கைகாட்டினார். அதோடு விட்டாரா? துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்தார். நான் போய் வேலை கேட்ட தோணியிலெல்லாம், "வாரும் திருச்செந்தூராரே" என்று சிரித்து அனுப்பினார்கள். கடலை நானாக விட்டு வரவில்லை பிள்ளைகளே, என்னைத் துரத்தினார்கள்.

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போடும் வேலைக்கு வந்தேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அம்மா, வேண்டாம் என்று ஒதுக்கிய சின்ன காம்பஸ் ஒன்றை எனக்குக் கொடுத்தார். நம் ஏரி கை கையாகப் பிரிந்து கிடப்பது. மஞ்சு இறங்கிவிட்டால் படகுத்துறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதனால் அதை மரப்பெட்டியில் போட்டு எப்போதும் படகில் வைத்திருந்தேன்.

பல வருசம் கழித்து ஒரு நாள், பழனியில் பேரனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த கூட்டத்தில் மூன்று பேர் என் படகில் ஏறினார்கள். ஒரு கிழவர், அவருடைய சம்பந்தி, சம்பந்தியம்மா. கிழவர் உட்கார்ந்ததும் மடியிலிருந்து உரலை எடுத்து இடிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம் போதும் எனக்கு.

குல்லாயும் கம்பளியுமாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சம்பந்தியிடம் கடல் கதை அளந்துகொண்டே வந்தார். "ஒரு மலைக்காரப் பயலச் சுக்கான்ல நிறுத்துனேன் சம்பந்தி. தோணிய நேரா திருச்செந்தூருக்கு வுட்டுட்டான்!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். என் பிழைப்பைக் கெடுத்த பொய்யை இன்னும் வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் மஞ்சு இறங்கியது. கரை மறைந்தது. சம்பந்தியம்மா பயந்துபோய், "தம்பி, தொற எங்கிட்டு இருக்கு?" என்றார்.

"ஐயாவுக்குத் தெரியாததாம்மா? பெட்டி இருக்கு, அவுகளே வழி சொல்லட்டும். தொற வடக்க கெடக்கு" என்று காம்பஸை நீட்டினேன்.

கிழவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைப் பலகையில் வைத்தார். உரலை எங்கே வைத்தார் என்கிறீர்கள்? பெட்டியை ஒட்டி, பழைய பழக்கம்போல. அவர் கை காட்டிய பக்கமெல்லாம் துடுப்புப் போட்டேன். கோரைக்குள் போய் முட்டினோம். பின்வாங்கி மறுபடி போனோம். மறுபடியும் கோரை.

"என்ன சம்பந்தி, இங்கயும் திருச்செந்தூர்தானா?" என்றார் சம்பந்தி.

அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை வருசம் காத்திருந்தேன்! துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டேன். உரலைத் தூக்கி என் காலடியில் வைத்தேன். ஊசி திரும்பியது. மூன்று பேரும் பார்த்தார்கள். குல்லாயைக் கழற்றினேன்.

கிழவர் முகம் வெளுத்தது. "நீயால?"

"நாந்தாங்கய்யா. ஊசிய எது இழுத்துச்சுன்னு இப்ப சொல்லுங்க."

குனிந்துகொண்டு முணுமுணுத்தார். "அன்னைக்கே தெரியும்ல. மொதலாளிட்டச் சொன்னா எஞ்சோத்துல மண்ணு வுழுந்திருக்கும்."

தெரியாமல் செய்தார் என்றுகூட இத்தனை நாளும் நினைத்துப் பார்த்ததுண்டு. தெரிந்தே செய்திருக்கிறார்.

"ஏஞ்சோத்துல விழுந்துச்சே! சத்தமாச் சொல்லுங்க, உங்க சம்பந்தி காதுல விழட்டும். அதுவரைக்கும் துடுப்பத் தொட மாட்டேன்."

குளிர் ஏறியது. சம்பந்தியம்மாவுக்குப் பல் தந்தி அடித்தது. கிழவர் சொன்னார். "என் தப்புதான். எம் உரலுதான்." சம்பந்தி சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தார்.

காம்பஸைப் பார்த்துப் பிடித்து, ஒரே போக்கில் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இறங்கும்போது உரலுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இது இங்கனயே கெடக்கட்டும். என்னைச் சொன்ன அதே தொறமுகத்துல, அத்தன பேரு முன்னாடியும் உண்மையச் சொல்லுங்க. நீங்க சொன்னீகன்னு ஒரு ஆளு வந்து எங்கிட்டச் சொல்லட்டும். அப்ப வாங்கிக்கலாம்."

"பல்லு இல்லல எனக்கு. உரல் இல்லாம எப்படி வெத்தல போட?"

"கொட்டைப்பாக்க முழுசா வாயில ஒதுக்கிக்கிட்டு என்னைய நெனச்சுக்குங்க."

மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதினால் அது பொய். உரல் கடையில் வேறு வாங்கியிருப்பார், அது எனக்கும் தெரியும். ஆனாலும் இதைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை. நான் இல்லாத காலத்தில் யாராவது வந்து கேட்டால், துறைமுகத்தில் என்ன சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், மிளகு வாசம் போகக் கழுவிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இடித்துக்கொண்டே இருங்கள்.