மீன் பிடிக்கக்கூடாத வள்ளம்

ரொறன்ரோவின் மில்லிக்கனில் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் மற்ற வீட்டுக்காரருக்கு மரம் தெரியும், பனி தெரியும், பக்கத்து வீட்டுச் சீனர் காரில் பனி வழிப்பது தெரியும். எனக்கு ஒரு வள்ளத்தின் அடிவயிறு தெரியும். ஐப்பசி முடிகிற நேரம் லொறியில் வந்து இறங்கினால் சித்திரை வரைக்கும் அது எங்கள் ட்ரைவ்வேயில் இரும்புக் கால்களில் நிற்கும். கார் நிற்கவேண்டிய இடத்தில் வள்ளம் நிற்க, கார் வெளியே றோட்டில் நின்று தண்ட ரிக்கற் வாங்கும். இந்த நாட்டில் தண்ணீர் கல்லாகிவிடுவதால் வள்ளம் வைத்திருப்பவர்கள் வருசத்தில் பாதி அதைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதியில், சனி ஞாயிறுகளில் மழை பெய்யாவிட்டால், ஓட்டுகிறார்கள். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிக்கவேண்டாம். இங்கே இதை வசதி என்று சொல்வார்கள்.

வள்ளம் என் மகன் சிவகுமாரனுடையது. அதுவும் பாதிதான். அவனுக்கு வயது முப்பத்தாறு. தங்கச்சி வதனிக்கு ஒரு வழி பண்ணாமல் தான் கட்டமாட்டேன் என்று நிற்கிறவன், பெண் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பாதி வள்ளம் வாங்கினான். மற்றப் பாதி லார்ஸ் என்கிற வெள்ளைக்காரக் கிழவருடையது. ஒஷாவாவில் என் மகனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறியவர். நாற்பது வருசத்துக்கு முந்தி சுவீடனிலிருந்து வந்தவர். எந்தப் பாதி யாருக்கு என்று கேட்டேன். "முழுக்க ரெண்டுபேருக்கும்தான் அம்மா" என்றான் மகன். பழுதாகிறபோது மட்டும் எப்போதும் மகனுடைய பாதியே பழுதாவதைப் பிறகு கவனித்தேன்.

வீட்டுக்கு யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுக்க முதல் வள்ளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கலியாணத் தரகர் பெண்ணின் குணநலம் சொல்வதுபோலச் சொல்லுவான்.

"சுவீடனிலை கட்டினது அண்ணை. இருபத்தேழடி. பைபர்கிளாஸ் வந்த புதிசிலை அவங்களுக்கு அதிலை நம்பிக்கை இல்லை, அதாலை ரெண்டு மடங்கு தடிப்பாய் ஊத்தினவங்கள். மேல்தட்டு முழுக்கத் தேக்கு. கீல் லோங் கீல். முன்னுக்கிருந்து பின்னுக்கு ஒரே நீட்டு, உள்ளுக்கை இரும்பு. எவ்வளவு சரிச்சாலும் தன்பாட்டிலை நிமிரும். டீசல் எஞ்சின். பாய் ரெண்டு, புயலுக்கு வேறை ஒண்டு."

வந்தவர் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உதுக்குள்ளை ஹீற்றர் இருக்கோ?" என்று கேட்பார்.

இந்தக் கீலைப் பற்றி நானும் மகனும் ஒரு மாரி முழுக்கக் கதைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் கீல் என்றால் வள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறாமல் காய்ச்சிப் பூசுகிற கறுப்புப் பிசின். "கீல் நல்லாயிருக்கோ தம்பி?" என்பேன். "அருமையான கீல் அம்மா" என்பான். "போன வருசம் வெடிச்சதெண்டாய்?" என்பேன். "அது அடைச்சாச்சு" என்பான். பனி உருகுகிற நேரம்தான், அவன் சொல்கிற கீல் அடியில் மீன்செட்டைபோல நீண்டிருக்கிற பாகம் என்றும், நான் சொல்கிற கீலை அவன் மறந்தே விட்டான் என்றும் தெரிந்தது. வள்ளத்தில் இருக்கிற சாமான்களுக்கு இங்கிலீசுக்காரர் வைத்த பேர்களும் அப்படித்தான். பாய்க் கயிற்றுக்கு ஷீற், படுக்கைவிரிப்பு என்று பேர். கக்கூசுக்கு ஹெட், தலை. ஒருநாள் லார்ஸ் வாசலில் நின்று, "ஹெட் நோ குட்" என்று தலையை ஆட்டினார். பாவம் என்று மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து, நெற்றிக்குத் தைலமும் கொடுத்தேன். மனுசன் மறுக்காமல் பூசிக்கொண்டு போய்விட்டார். அடைத்துக்கொண்டு கிடந்த கக்கூசுக்கு நான் வைத்தியம் பார்த்த கதையை மகன் பின்னேரம் வந்து சொன்னான்.

வள்ளத்துக்குச் சுவீடன் பேர் ஒன்று பின்புறத்தில் எழுதியிருந்தது. ஹவ்ஸ்வாலா. கடற்குருவி என்று கருத்தாம். வள்ளத்தின் பேரை மாற்றினால் கூடாது என்று லார்ஸ் ஒற்றைக்காலில் நின்றார். பேருக்குக் கீழே, வள்ளம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று ஊர்ப்பேர் எழுதுவதும் அவர்கள் வழக்கம். அந்த ஊரை மாற்றலாமாம், அதற்குத் தோசமில்லையாம். மகன் பழைய எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு ரொறன்ரோ என்று ஒட்டினான். எழுத்து போனது, அதன் நிழல் போகவில்லை. அத்தனை வருசம் எழுத்து மூடிக் கிடந்த இடம் வெயிலில் மங்காமல் இருந்தபடியால், காலை வெயில் சரிந்து விழும்போது ரொறன்ரோவுக்குப் பின்னால் இன்னொரு ஊர் தெரியும். மகன் மூன்று தரம் மருந்து போட்டு உரஞ்சினான். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இந்த உரஞ்சுகிற வேலை பழக்கம். நாங்கள் மயிலிட்டிக் கடற்கரை ஆட்கள். என் அப்பாவும் கடல், எங்கட அவரும் கடல். இங்கே யாராவது "அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டால் மகன், "ஏற்றுமதி பிஸ்னஸ்" என்பான். பொய் இல்லை. கடலிலிருந்து கரைக்கு ஏற்றினார். ஊரில் எங்கள் கரையால் போகிற பெரிய மனிதர்கள் குடையைச் சரித்துப் பிடித்து, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். மீன் மட்டும் அவர்கள் வீட்டுக் குசினிவரை போகும், கொண்டுபோகிற நாங்கள் முற்றத்தோடு நிற்போம். அதே ஆட்கள் இங்கே எங்கள் வள்ளத்தில் ஏறிக் கையை இடுப்பில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒரு வித்தியாசம் இருக்கிறதுதான். இந்த வள்ளத்தில் மீன் பிடிக்கக்கூடாது. இரத்தம் பட்டால் தேக்கில் கறை போகாதாம், மணமும் ஏறிவிடுமாம். புறப்பட்டுப் போய், ஏரியில் ஒரு வட்டம் போட்டு, வெறுங்கையோடு திரும்பிவருவார்கள். கரையில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள். எங்கட அவர் வெறுங்கையோடு வந்த நாட்களில் ஒருவரும் கை தட்டியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருசம் வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரதீபன் அவளோடு ஒரே வங்கியில் வேலை. அவர்கள் இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முடித்துவிட்டார்கள், இனிப் பெரியவர்கள் பார்க்கவேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் தகப்பன் ஊரில் றோட்டு வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர். ரூஜில் புது வீட்டில் மகனோடு இருந்துகொண்டு இப்போதும் ஓவசியர் வேலைதான் பார்க்கிறார். சாதகம் அருமையாகப் பொருந்திவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. இந்த ஊரில் சாதி என்ற சொல்லை நாகரிகமானவர்கள் வாயில் எடுப்பதில்லை. "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பார்கள்.

வைகாசியில் வள்ளம் தண்ணீரில் இறங்குகிற நாளில் ஓவசியர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது என்று மகன் திட்டம் போட்டான். வள்ளத்தைக் கண்டால் கேள்வி மறந்துபோகும் என்று அவனுக்கு நினைப்பு. முதல்நாள் எனக்குப் பாடம் நடந்தது.

"அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். கேட்டால், தண்ணியெண்டா பயம் எண்டு சொல்லுங்கோ."

"எனக்கோ?"

"ஓம், உங்களுக்குத்தான். ரவுண் ஆக்கள் மாதிரி, கடல் காணாத மாதிரி இருங்கோ."

வதனி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "அம்மா பயப்பிடத் தேவையில்லை, அண்ணா. உங்களுக்குத்தான் அது நல்லாய் வருது" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, "இது குழம்பினால் நான் வேறை ஒருத்தரையும் பாக்கமாட்டன் அம்மா" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பாரமில்லை. சபையில் நாலுபேருக்கு முன்னால் கதைக்க நான் எப்போதும் கூசுகிறவள்.

படகுத்துறையில் கிரேன் வள்ளத்தைத் தூக்கி நின்றது. மாப்பிள்ளையின் தாய் தேசிக்காயும் தேங்காயும் கொண்டுவந்திருந்தா. புதுக் கார் என்றால் சில்லுக்கடியில் தேசிக்காய் வைக்கலாம். இதற்குச் சில்லு எங்கே? கடைசியில் கிரேனின் சில்லுக்கடியில் வைத்தோம். கிரேன் அன்றைக்கு நல்ல பாதுகாப்பாக ஓடியது. ஓவசியர் தேங்காயை வள்ளத்தின் மூக்கில் அடிக்கக் கை ஓங்க, லார்ஸ் "நோ, நோ, நோ!" என்று குறுக்கே பாய்ந்தார். அதைக் கரையிலிருந்த இரும்புக் கட்டையில் உடைத்தோம். லார்ஸ் இளநீர் குடிப்பதாக நினைத்துக்கொண்டு தேங்காய்த்தண்ணியைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தில் ஒன்றை எடுத்து ஏரிக்கு ஒரு சொட்டு ஊற்றினார். பிறகு தனக்கும்.

காற்று நல்ல காற்று. பாய் விரிந்ததும் வள்ளம் ஒரு பக்கம் சரிந்து ஓடத் தொடங்கியது. அதுவரை கையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஓவசியர் கம்பியைக் கட்டிப்பிடித்தார். அவர் மனைவி முருகனைக் கூப்பிட்டா. மகன், "பயப்பிடாதேங்கோ அங்கிள், லோங் கீல், நிமிரும்" என்றான். பசி நேரமாகிவிட்டது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு வைத்திருக்கலாமா என்று எழும்பி, இடியப்பத்தைத் தட்டுகளில் போட்டு, சொதி வாளியை ஒரு கையில் தூக்கி, ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு போனேன். சரிந்த வள்ளத்தில் ஒரு கம்பியையும் பிடிக்கவில்லை. அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

பெரியபிள்ளை ஆகும்வரை நான் அப்பாவின் வள்ளத்தில் தண்ணி இறைத்தவள். அதோடு ஐந்தாம் வகுப்பும் நின்றது, வள்ளமும் நின்றது. தொண்ணூறில் ஊரை விட்டு இந்தியாவுக்கு ஓடியபோதுதான் மறுபடி ஏறினேன். அன்றைக்கும் நெருக்கிக் கிடந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தேன். வாயை மூடு என்று மகன் சொல்லியிருந்தான். காலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓவசியர் தட்டைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"தம்பி, அம்மாவுக்குத் தண்ணியெண்டாப் பயம் எண்டல்லோ சொன்னீர்? ஒரு துளி சொதி சிந்தேல்லை."

மகன் பாயின் கயிற்றோடு எதையோ தேடினான். "அப்ப, ஊரிலை எந்தப் பக்கம்?" என்றார் ஓவசியர்.

"ரவுணுக்குக் கிட்ட அங்கிள்."

சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த லார்சும் என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். "வள்ளத்திலை பிறந்தவ மாதிரி நிக்கிறா எண்டுறார் அம்மா" என்றாள் வதனி. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். சொல்லாதே என்றும் அந்தப் பார்வையில் இல்லை, சொல் என்றும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாளியை வைக்கவும் இடமில்லை.

"நாங்கள் மயிலிட்டி" என்றேன். "எங்கட அவர் வள்ளம் வைச்சிருந்தவர். மீன் பிடிக்கிற வள்ளம்."

வதனி அதை ஒரு சொல்லும் குறையாமல் இங்கிலீசில் சொன்னாள். பிரதீபன் குனிந்து இடியப்பம் சாப்பிட்டான். அவனுக்கு இது புதினமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. லார்சுக்கோ கண் விரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். எத்தனை அடி, என்ன மரம் என்று கேட்டார். "கீல்?" என்றார். அந்தச் சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"வருசத்துக்கு ரெண்டுதரம் காய்ச்சிப் பூசுவம்" என்றேன்.

வதனி குழம்பி, என்னிடம் திருப்பிக் கேட்டு, பிறகு விளங்கப்படுத்தினாள். கிழவர் சுக்கானை விட்டுவிட்டுக் கை தட்டினார். தன்னுடைய தகப்பனும் மீன்பிடிகாரன்தானாம். பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி வள்ளத்துக்குப் பூசுவார்களாம். மூக்கில் விரலை வைத்து ஆழமாக இழுத்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது, காற்றாயும் இருக்கலாம். மகன் பாய்ந்து சுக்கானைப் பிடித்தான். ஓவசியர் சொதி தொடாத தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கம்பிக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தார். அது காற்றாலா கதையாலா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை போன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். கரையில் அருமையாகப் பொருந்தியிருந்த சாதகம், ஏரித் தண்ணி பட்டதும் பொருந்தாமல் போய்விட்டது. இப்படியான சாதகத்தை எந்த மையால் எழுதுகிறார்களோ தெரியாது. மகன் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், "சொதி நல்லாத்தான் இருந்தது" என்றான். வதனி கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். ஆவணியில் பிரதீபன் தனியாக வந்தான். "மாமி, எனக்குப் பொருந்தியிருக்கு" என்றான். மார்கழியில் பதிவுத் திருமணம் என்று இரண்டுபேரும் முடிவெடுத்தார்கள். அம்மா வருவா, அப்பா வருவாரோ தெரியாது என்றான் பிரதீபன்.

ஐப்பசி முடிய வள்ளம் திரும்பவும் ட்ரைவ்வேக்கு வந்து ஏறியது. முதல் பனி விழுந்த ஞாயிறு, வள்ளத்தை மூடி நீலப் படங்கு கட்ட மகனுக்கு உதவி செய்யப் பிரதீபன் வந்தான். அவனுடைய கார் பழுதாம், தகப்பன்தான் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை. இறங்கவும் இல்லை. றோட்டோரத்தில், எங்கள் கார் ரிக்கற் வாங்குகிற அதே இடத்தில், எஞ்சினை நிற்பாட்டாமல் இருந்தார். குசினி யன்னலால், வள்ளத்தின் அடிவயிற்றுக்குக் கீழே, அவருடைய தொப்பி தெரிந்தது. அரை மணித்தியாலம் பார்த்தேன்.

பிறகு ஒரு கிண்ணத்தில் இடியப்பம் வைத்து, சொதியை விளிம்புவரை விட்டேன். ட்ரைவ்வே கண்ணாடிபோல உறைந்து கிடந்தது. "அம்மா விழப்போறியள்!" என்று மேலேயிருந்து மகன் கத்தினான். நான் வள்ளத்துக்கு அடியால் நடந்து போனேன்.

ஓவசியர் கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். கிண்ணம் நுழையவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

முதலில் இடியப்பம் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிச் சொதியைக் குடித்தார். குடித்துக்கொண்டே வள்ளத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். வெயில் சரிந்து அதில் விழுந்துகொண்டிருந்தது.

"ரொறன்ரோவுக்குக் கீழை வேறையும் எழுத்துத் தெரியுது" என்றார். "உது எந்த ஊர்?"

வள்ளத்தைத்தான் கேட்டார்.

"வாசிக்கத் தெரியாது அண்ணை" என்றேன். "தம்பி எத்தினையோ தரம் உரஞ்சிப்போட்டான். வெயில் பட்டால் வருது."