தோளில் இருந்த கை

செத்துப்போனவருக்குத் தனியாக ஒரு நல்ல படம் இருக்கவே இருக்காது. என் அனுபவம் அப்படி. உயிரோடு இருக்கும்போது யாரும் தனியாக நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணத்தில், காதுகுத்தில், கிரிவலம் போன இடத்தில் என்று நாலு பேரோடுதான் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிய்த்தெடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் மலையை வைத்து, கண்ணீர் அஞ்சலி பேனர் செய்து கொடுப்பது என் பிழைப்பு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான்.

பிய்த்தெடுக்கும்போது மற்றவர்களின் துண்டு துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு காது வரும், புடவைக் கரை வரும், பெரும்பாலும் தோளில் போட்ட கை வரும். அழித்துவிடுவேன். யாருடைய கை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

இத்தனைக்கும் நான் ஓவியம் படித்தவன். டிப்ளமோ பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது: ஓவியத்தின் பொருள் என்பது என்ன, உட்பொருள் என்பது என்ன? பொங்கல் பானையை வரைந்தால் பானை பொருள், பொங்குமோ பொங்காதோ என்று சுற்றி நிற்பவர்களின் தவிப்பு உட்பொருள் என்று எழுதி பாஸானேன். அதோடு அதை மறந்தும் போனேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், கடையைத் திறந்ததும் ஒரு பெரியவர் காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவர் போல வந்தார். ஆட்டோ ஓட்டிய தம்பி மாரடைப்பில் போய்விட்டாராம். உடல் ஐஸ் பெட்டியில் இருக்கிறது, மத்தியானத்துக்குள் பேனர் தெருமுனையில் நிற்க வேண்டும் என்றார். தம்பியின் போனிலேயே படத்தைக் காட்டினார், ஒயர் போட்டுச் சிஸ்டத்தில் ஏற்றிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு மனிதர். பக்கத்தில் நின்றவரைப் பெரியவர் ஏற்கெனவே வெட்டித் தள்ளியிருந்தார். இடது தோளில் ஒரு பெண்ணின் கை மட்டும் மிச்சம். பச்சைக் கண்ணாடி வளையல். புறங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு தீக்காயத் தழும்பு.

"அந்தக் கைய எடுத்துடுங்க தம்பி. பின்னால மலைய வச்சுடுங்க" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

கையைத் திரை முழுக்கப் பெரிதாக்கி ஒரு கால் மணி நேரம் அழித்தேன். கை போய்விட்டது. ஆனால் அந்தக் கையின் பாரம் போகவில்லை. அவருடைய இடது தோள் இறங்கியிருந்தது. தலை அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கண்ணோரப் பார்வையும் அங்கேதான் போயிருந்தது. நிமிர்த்தப் பத்து நிமிஷம் போதும், ஆனால் அன்றைக்கு நேரமில்லை. கை இருந்த இடத்தில் மலைச்சரிவு வரும்படி மலையை நகர்த்தி வைத்தேன். இப்போது அவர் மலையைப் பார்த்துச் சாய்ந்திருப்பது போல ஆகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெரியவருக்கும் திருப்தி. பேனரைப் பார்த்தவர்கள் எல்லாம், அண்ணாமலையாரைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்த புண்ணியவான் என்று பேசிக்கொண்டார்களாம். மலை தேமே என்று நின்றது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் இறந்தவர்களின் படம் ஒன்றுகூடச் சிஸ்டத்தில் இருக்கக் கூடாது. தங்கினால் அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆர்டர் வரும் என்பது முதலாளியின் பயம். வந்தால் லாபம்தானே என்று நான் கிண்டல் செய்வேன், ஆனாலும் மறக்காமல் அழித்துவிடுவேன். அன்றும் கை இருந்த படம், கை இல்லாத படம் இரண்டையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். முதலாளி மிஷினுக்குக் கற்பூரம் காட்டினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஏதோ வேலையாகக் குனிந்திருந்தேன். கண் முன்னால் மேஜை மேல் ஒரு கை வந்து ஊன்றியது. வளையல் இல்லை. புறங்கையில் அந்தத் தழும்பு. நான் அழித்த கை என்னைத் தேடி வந்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, நிஜமாகவே பயம்.

அந்த அம்மா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருக்கிறாராம். ஆட்டோவில் பக்தர்களை இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த தம்பிக்காரர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் வீட்டார் இந்த அம்மாவைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. சாவு வீட்டுக்குள்ளும் விடவில்லை. டவுன் பஸ் ஜன்னல் வழியாக என் பேனரில்தான் கடைசியாக முகம் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஒரே படம் அதுதான், போன் அண்ணன்காரரிடம் இருக்கிறது, கை உள்ள படம் உங்களிடம் இருக்குமா என்று கேட்டார்.

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் மேஜையில் ஊன்றிய கையை எடுக்காமல் நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. பெரியவரிடம் சம்மதம் கேட்க டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அது என் போனில் இருக்கிறது, அதையாவது பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"கை இல்லாத படத்த வச்சிக்கினு நான் இன்னாண்ணா பண்றது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மலையப் பாத்து சாஞ்சாருன்னு பேசிக்கிறாங்க. அன்னிக்கு தோச தீயுது, போறேன்னு கைய எடுக்கப் பாத்தேன். எடுக்காதன்னு சாஞ்சாரு."

அவர் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார்.

"ஃப்ரேம் போட உங்ககிட்டதான் வருவாங்க. அவர நேரா நிமித்திடாதீங்கண்ணா. அந்த வூட்ல அவரு எம்பக்கம் சாஞ்சே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு என் வேலை கெட்டது. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் கைதான் கண்ணில் படுகிறது. அழித்த இடத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா சொன்னபடியே பெரியவர் காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். கிளாரிட்டி நன்றாக வரும், ஒரிஜினல் இருந்தால் கொடுங்கள் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். அதை அன்றைக்கே அழித்துவிட்டாராம். பேனர் டிசைனையே வைத்துச் செய்யச் சொன்னார். மலை வேண்டாம், வீட்டில் மாட்டியிருக்கும் அப்பா படத்துக்கு இருப்பது போல வெறும் நீலம் போதும் என்றார். மலையை எடுத்தேன். சாய்வு அப்பட்டமாகத் தெரிந்தது.

"இன்னா தம்பி, சாஞ்சு கெடக்கறான். நேரா வச்சுடுங்க."

"முடியாதுங்க. நேராக்குனா மொகம் மாறிடும்" என்றேன். நாள் பூராவும் மூஞ்சிகளை நிமிர்த்துவதே தொழிலாக உள்ளவன் சொன்னது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் சிரிக்கும், பச்சைப் பொய். ஆனால் உட்பொருள் என்ன என்ற கேள்விக்கு, பரீட்சையில் எழுதியதைவிட அதுதான் சரியான பதில் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காலையில் ஃப்ரேமை நானே எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர், படம் சாஞ்ச மாதிரி இருக்கே என்றார். பெரியவர் ஸ்டூலில் ஏறி ஃப்ரேமின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தார், சரியில்லை. மறுபடி ஏறினார். இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று ஒரு பெண் கீழேயிருந்து சொன்னார். வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தடவை கை வைத்தார்கள். கடைசியில் ஃப்ரேம் கோணலாகிவிட்டது. அவர் நேராகவில்லை.